ராஜன் காட்டிக்கொடுத்தது எந்த நாட்டை? ‘அந்த நாள்’ படமும் 1943இன் சென்னையும்

1943ஆம் ஆண்டு செப்டம்பர் 10 அன்று சென்னை மத்தியச் சிறையில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டனர். அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையின் மேல் பறந்து சில குண்டுகளைப் போட்டுச் சென்றது. அதே அக்டோபரின் 21ஆம் நாள் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். ஆறு வாரங்களுக்குள் அடங்கிவிடும் இம்மூன்று நிகழ்வுகளில் நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், 1954இல் தமிழில் ஒரு துப்பறியும் படம் எடுக்கப்பட்டது. அதுவே ‘அந்த நாள்’. பாட்டில்லாத முதல் தமிழ்ப் படம் என்று அதனைப் பாராட்டிப் பாராட்டி, அது எதைப் பற்றிய படம் என்பதை ஏறக்குறைய மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தின் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.வி.எம். நிறுவனத்தின் தயாரிப்பு, வெளியானது 1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டையொட்டி. கதையும் இயக்கமும் எஸ். பாலசந்தர், பின்னாளில் வீணைக் கலைஞராக உலகறிந்த அதே பாலசந்தர்தான், அப்போது அவருக்கு வயது 27. திரைக்கதை, உரையாடல் ஜாவர் சீதாராமன். ஒளிப்பதிவு மாருதி ராவ். சிவாஜி கணேசன் வானொலிப் பொறியாளர் ராஜனாக நடித்தார். பண்டரிபாய் அவன் மனைவி உஷாவாக நடித்தார். படம் தொடங்கிய சில நொடிகளில் துப்பாக்கி வெடிக்கிறது, ராஜன் விழுகிறான். கதாநாயகனாக வளர்ந்துகொண்டிருந்த நடிகரை முதற்காட்சியிலேயே பிணமாக்கிவிட்டு, அதன்பின் பிறர் வாய்மொழியாக மட்டுமே அவரை உயிர்ப்பித்துக் காட்டும் துணிவு அன்றைய தமிழ்த் திரையில் வேறெவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

காலம் 1943 அக்டோபர். சென்னையில் குண்டு விழுந்ததை ஒட்டிய ஓர் இரவில் கொலை நடக்கிறது. இன்ஸ்பெக்டர் நாயுடுவும் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமும் விசாரிக்க வருகிறார்கள். எதிர்வீட்டுச் சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனோடு உறவிலிருந்த அம்புஜம், கடைசியாக உஷா என ஒவ்வொருவரும் தத்தம் கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையும் வேறொருவர் மேல் ஐயத்தைத் திருப்புகிறது. ஒவ்வொரு கதையிலும் ராஜன் வேறோர் ஆளாகத் தெரிகிறான். எழுபதாண்டுப் பழைய படம் என்பதால் கொலையாளி யார் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இந்தப் பதிவுக்குத் திரும்பலாம். உண்மை உஷாவின் கதையில் வெளிப்படுகிறது. தன் கண்டுபிடிப்புக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்று கசந்துபோன ராஜன், ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்கும் உளவாளியாகிவிட்டான். தேசப் பற்றுள்ள மனைவி அதைக் கண்டுபிடிக்கிறாள், கெஞ்சுகிறாள், தடுக்கப் பார்க்கிறாள். அவள் கையிலிருந்த துப்பாக்கிதான் வெடித்தது.

இப்படத்தைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளும் ‘ரஷோமோன்’ என்ற பெயரில் தொடங்குகின்றன. அகிரா குரோசாவாவின் அப்படம் 1950இல் வந்தது, 1951இல் வெனிஸில் தங்கச் சிங்கம் பெற்றது. திரைப்பட விழாவில் அதனைக் கண்ட பாலசந்தர் அதே உத்தியில் ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலிக்கு அனுப்பினார் என்றும், வானொலி அதனை ஏற்கவில்லை என்றும், பிறகே அது ஏ.வி. மெய்யப்பனிடம் திரைக்கதையாகப் போய்ச் சேர்ந்தது என்றும் சொல்லப்படுகிறது. வானொலிக்காரன் ஒருவனைப் பற்றிய கதைக்கு வித்திட்ட நாடகம் வானொலியால் திருப்பி அனுப்பப்பட்டது என்றால், அது சுவையான முரண்தான். (இடையில் ஒரு செய்தி: 1952 முதல் அமைச்சர் கேஸ்கர் வானொலியில் திரைப்பாடல்களைக் குறைத்து ஒடுக்கிய காலம் அது. வானொலி பாட்டை விலக்கிய அதே ஆண்டுகளில் ஒரு கருநாடக இசைக் கலைஞர் திரைப்படத்திலிருந்தும் பாட்டை விலக்கினார். இருவரின் காரணங்களும் வேறு. ஆனால் கேட்போரின் மனக்குறை ஒன்றாகவே இருந்திருக்கும்.)

ஆனால் ‘ரஷோமோன்’ என்ற ஒப்பீடு பாதி வழிதான் கொண்டுசெல்கிறது. அப்படத்தில் கடைசிவரை எது நடந்தது என்பது தீர்வதில்லை. ஐந்து சாட்சிகள், ஒரு பிணம், ஒரு காவல் அதிகாரி, முடிவில் ஐயத்திற்கு இடமில்லாத ஒரே உண்மை என்ற அமைப்புக்கு நெருக்கமானது அந்தோணி அஸ்க்வித் இயக்கிய ‘தி உமன் இன் குவெஸ்டியன்’ என்ற 1950ஆம் ஆண்டு ஆங்கிலப் படம். விமரிசகர்கள் சிலர் இதனைச் சுட்டியிருக்கிறார்கள். என் அக்கறை பாலசந்தர் எங்கிருந்து எடுத்தார் என்பதில் இல்லை. தோற்று, ஆக்கிரமிப்புக்கு உட்பட்டிருந்த ஜப்பானில் எடுத்த படம் உண்மை எது என்ற கேள்வியைத் திறந்துவைத்தது; விடுதலை பெற்று ஏழாண்டு ஆகாத இந்தியாவில் எடுத்த படம் அதனை அழுந்த மூடியது. இந்த வேறுபாடுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. சிவானந்தமாக நடித்தவர் திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமனே என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்: கேள்விகளை எழுதியவரே திரையில் வந்து விடைகளையும் பெற்றுக்கொள்கிறார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உலகெங்கும் ஒருவகைக் கறுப்பு-வெள்ளைக் குற்றப் படங்கள் தோன்றின. 1946இல் பெர்லின் இடிபாடுகளுக்கிடையே எடுக்கப்பட்ட ‘கொலையாளிகள் நம்மிடையே’, 1949இல் நான்கு வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்ட வியன்னாவில் கரோல் ரீட் எடுத்த ‘மூன்றாம் மனிதன்’, அதே ஆண்டில் தோக்கியோவின் கள்ளச் சந்தைகளில் குரோசாவா எடுத்த ‘தெருநாய்’ எனத் தொடரும் இவ்வரிசையில் நகரமே தடயம். இடிந்த சுவர், வெடித்த சாக்கடை, ஒருவரையொருவர் நம்பாத அண்டை வீட்டார் ஆகியவை போர் உடலில் விட்டுச்சென்ற வடுக்களாகத் தெரிகின்றன. ‘அந்த நாள்’ படத்தின் சாய்ந்த கோணங்களும், முகத்தின் ஒரு பாதியை மட்டும் காட்டும் விளக்கொளியும் இந்த உறவுமுறையைச் சேர்ந்தவை.

ஆனால் சென்னையில் இடிபாடு ஏது? போர் சென்னையைத் தொட்டது மிகச் சிறிதளவே. அச்சம் தொட்டதுதான் பெரிது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் தேதி திருகோணமலை. அந்த ஒரு வாரத்தில் சென்னை காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள் மாவட்டங்களுக்குப் பெயர்ந்தன. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த உயிரியல் பூங்காவின் சிங்கங்களும் புலிகளும் கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று சுட்டுக் கொல்லப்பட்டன. வரும் என்று அஞ்சிய கப்பற்படை வரவில்லை. மக்கள் திரும்பி வந்து, இருட்டடிப்பும் பதுங்குகுழியும் பங்கீட்டு அரிசியுமாக வாழப் பழகிய பிறகு, ஓராண்டுக்கும் மேல் கழித்து, 1943 அக்டோபரில் அந்த ஒற்றை விமானம் வந்தது.

எனவே இப்படத்தில் போரின் பின்விளைவு கட்டடங்களில் இல்லை, பேச்சில் இருக்கிறது. சின்னையா எல்லாவற்றையும் பார்க்கிறார், எல்லாவற்றையும் ஊகிக்கிறார். தம்பி அண்ணனை ஐயுறுகிறான். யார் எந்த வானொலி நிலையத்தைக் கேட்கிறார்கள், யார் வீட்டில் விளக்கு அணையவில்லை என்று ஊரார் ஒருவரையொருவர் கவனித்த இரண்டாண்டுகளின் எச்சம் அது. இந்த அளவில் படம் தன் காலத்தை மிக நுட்பமாகப் பிடித்திருக்கிறது.

அடுத்ததாக, தமிழ்த் திரை ஜப்பானியரை முதன்முறை சந்தித்தது இப்படத்தில் அன்று. போர்க்காலத்தில் கச்சாப் பிலிம் பங்கீட்டுக்கு உட்பட்டது. அரசு அனுமதி வேண்டுமெனில் போர் முயற்சிக்கு ஆதரவான படம் எடுத்தாக வேண்டும் என்ற நெருக்குதல் வந்தது. அவ்வாறு 1945இல் வெளியானவற்றுள் மூன்றைக் குறிப்பிடலாம்: மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’, கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’. தியடோர் பாஸ்கரன் போன்றோர் இக்காலத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். விடுதலை இயக்கத்துக்குச் சார்பாகப் படமெடுத்த அதே சுப்ரமணியம், பிரிட்டிஷ் அரசின் போருக்குச் சார்பான படமும் எடுக்க நேர்ந்தது. அதனை வெறும் பணிவு என்று தள்ளிவிட முடியாது. 1942-43இல் தமிழகத்தில் போரை ஆதரித்தவர்கள் பலர், ஆதரித்த காரணங்களும் பல. பெரியாரின் தலைமையிலிருந்த நீதிக்கட்சி ஆதரித்தது. ‘மக்கள் யுத்தம்’ என்று கம்யூனிஸ்டுகள் ஆதரித்தனர். வெள்ளையனே வெளியேறு இயக்கம் ஜப்பானுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று அஞ்சி ராஜாஜி அதிலிருந்து விலகி நின்றார். ‘ஐந்தாம் படை’ என்ற வசை அன்று எல்லாத் திசைகளிலிருந்தும் எல்லாத் திசைகளுக்கும் எறியப்பட்டது.

‘பராசக்தி’யையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1952இல் வந்த அப்படத்தின் கதையும் போர் ஆண்டுகளில்தான் நடக்கிறது. இரங்கூனில் குண்டு விழுகிறது, அகதிகள் நடந்து வருகிறார்கள். பர்மாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வெளியேறியதாகக் கணிக்கப்படும் அந்தப் பெயர்வுதான் அதன் பின்புலம். அங்கும் சிவாஜி, பண்டரிபாய்; அங்கும் ஏ.வி.எம்மின் பங்கு. இரண்டே ஆண்டு இடைவெளியில் அதே இணையர், அதே போர், ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாறிவிட்டார். ‘பராசக்தி’யில் நாயகன் நீதிமன்றத்தில் நின்று சமூகத்தைக் குற்றம் சாட்டுகிறான். ‘அந்த நாளி’ல் நாயகனுக்கு அந்த வாய்ப்பே இல்லை, அவன் ஏற்கெனவே செத்துவிட்டான், அவன் மேலான வழக்கைப் பிறர் நடத்துகிறார்கள்.

முதலில் சொன்ன நான்கு பேரிடம் இப்போது வருகிறேன். வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் என்பன அவர்கள் பெயர்கள். பினாங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் சார்பில் என். ராகவன் பொறுப்பில் இயங்கிய சுயராஜ்ய நிலையத்தில் உளவுப் பயிற்சி பெற்றவர்கள். 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல்களிலும் தரைவழியாகவும் இந்தியாவுக்குள் அனுப்பப்பட்ட இளைஞர் குழுக்களில் இருந்தவர்கள். அப்துல் காதரின் குழு மலபார்க் கரையில் தானூர் அருகே இறங்கியது. பிடிபட்டனர். எதிரி முகவர்கள் அவசரச் சட்டத்தின்கீழ்ச் சென்னையில் தனி நீதிமன்றம் விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்தது. பயிற்சி பெற்றவர்களில் ஒரு பகுதியினரை ராகவனைக் கேட்காமலேயே ஜப்பானியர் அழைத்துச் சென்றதாகவும், அதனால் அவருக்கும் ஜப்பானியருக்கும் மோதல் முற்றியதாகவும் இந்திய தேசிய ராணுவத்தின் வரலாற்றை எழுதியோர் பதிவுசெய்துள்ளனர். ஜப்பானிய உளவுத் துறையும் இந்திய விடுதலைச் சங்கமும் ஒரே நோக்கில் இயங்கவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். இறங்கியவர்கள் யாருக்காக இறங்கினார்கள் என்ற கேள்விக்கு எளிய விடை அன்றும் இல்லை.

1943 செப்டம்பரில் அவர்கள் சட்டப்படி எதிரியின் ஒற்றர்கள். 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகியோர் மீது வழக்கு தொடங்கி, நேரு நெடுங்காலத்துக்குப் பின் வழக்கறிஞர் அங்கியை மாட்டிக்கொண்டபோது, அதே செயல் தேசத் தொண்டாக மாறியது. ஆயினும் 1947க்குப் பிறகு இந்திய தேசிய ராணுவத்தினர் இந்தியப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. போற்றினார்கள், ஆனால் படையில் இடமில்லை. இந்த இரட்டை மனநிலை உறைந்திருந்த காலத்தில்தான் ‘அந்த நாள்’ எடுக்கப்பட்டது.

ராஜன் பணத்துக்கும் பெயருக்கும் விற்றவன், அப்துல் காதர் விடுதலைக்கு உயிர் கொடுத்தவர். இருவரையும் ஒரு தட்டில் வைப்பது முறையாகாது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நானும் வைக்கவில்லை. என் கேள்வி படம் அந்தத் தட்டையே ஏன் ஒளித்துவைத்தது என்பதுதான். 1943 அக்டோபரில் ஜப்பானியருக்குச் செய்தி அனுப்புபவன் ஒருவன் என்றால், பார்வையாளர் மனத்தில் 1954இல் முதலில் எழுந்திருக்க வேண்டிய பெயர் நேதாஜி. மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் தோட்டத் தொழிலாளர்களாகப் போய் ராணுவத்தில் சேர்ந்து மீண்டவர்கள் தமிழகத்தின் ஊர்களில் அப்போது உயிரோடிருந்தார்கள். அவர்களுள் சிலர் இப்படத்தின் பார்வையாளர்களாகவும் இருந்திருக்கலாம். திரைக்கதை மிகக் கவனமாக அந்த நினைவு வராமல் பார்த்துக்கொள்கிறது. ராஜனின் கசப்புக்குத் தனிப்பட்ட காரணம் கொடுக்கிறது. அவனை மனைவிக்கு வஞ்சகம் செய்தவனாகவும் ஆக்குகிறது. அரசியலில் ஐயம் எழக்கூடிய இடங்களிலெல்லாம் ஒழுக்கக் குறைபாடு வந்து அடைத்துக்கொள்கிறது. அம்புஜத்தின் பாத்திரத்துக்கு இதைத் தவிர வேறு வேலை இருப்பதாக எனக்குப் படவில்லை.

சி.ஐ.டி.யின் நிலை இன்னும் விந்தையானது. 1943இல் சென்னை மாகாண சி.ஐ.டி. யாரைத் தொடர்ந்துகொண்டிருந்தது? காங்கிரஸ்காரர்களை, தலைமறைவு இயக்கத்தாரை, தந்திக் கம்பி அறுத்தோரை. உஷாவைப் போன்ற தேசபக்தை ஒருத்தி அந்த ஆண்டில் உண்மையாகவே இருந்திருந்தால், சிவானந்தத்தின் கோப்பில் ராஜனுக்கு முன்பே அவள் பெயர் ஏறியிருக்கும். படத்திலோ சிவானந்தம் நிதானமும் நகைச்சுவையும் மிக்க நடுநிலையாளர்; அவர் முன்னே தேசபக்தை தன் நெஞ்சைத் திறக்கிறாள். 1943இன் காவல்துறைக்கு 1954இன் சீருடை அணிவிக்கப்பட்டிருக்கிறது. அதே அதிகாரிகள், அதே சட்டங்கள், அதே கட்டடங்களுடன் ஆட்சி கைமாறிய ஒரு நாட்டுக்கு இந்தக் கற்பனை தேவைப்பட்டிருக்கிறது.

உஷா என்ற பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. 1942 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பம்பாயில் இரகசியமாக இயங்கிய காங்கிரஸ் வானொலியை நடத்தியவர்களுள் முதன்மையானவர் உஷா மேத்தா. இடம் மாற்றி இடம் மாற்றி ஒலிபரப்பி வந்த அவர் நவம்பர் 12 அன்று கைதானார்; கருவியை அமைத்துக் கொடுத்த தொழில்நுட்பர் ஒருவரே காவல்துறைக்கு வழிகாட்டினார். வானொலிப் பொறியாளன், உஷா, துரோகம் என்று மூன்றும் அங்கே ஏற்கெனவே கூடியிருக்கின்றன. பாலசந்தர் இதை மனத்தில் வைத்துப் பெயரிட்டார் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை, அவ்வாறு வாதிடவும் மாட்டேன். ஆனால் துரோகம் நிகழ்ந்த திசையைப் பாருங்கள். பம்பாயில் வானொலித் தொழில்நுட்பர் காட்டிக்கொடுத்தது விடுதலை இயக்கத்தை. காட்டிக்கொடுத்தது பிரிட்டிஷ் அரசிடம். திரையில் அந்தத் திசை தலைகீழாகிறது. வானொலி என்ற கருவி எல்லைகளை மதிக்காத ஒன்று. அதனாலேயே போர் தொடங்கியதும் தனியார் ஒலிபரப்பு உரிமங்களை அரசு திரும்பப் பெற்றது. அப்படிப்பட்ட கருவியைக் கையாள்பவன் யாருக்கு விசுவாசமானவன் என்ற பதற்றம் பிரிட்டிஷ் அரசிடமிருந்து விடுதலை பெற்ற அரசுக்கு ஏறக்குறைய மாறாமலே வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கே பல மொழி மாணவர்கள் கலந்திருந்த ஒரு வகுப்பில் இப்படத்தின் சில பகுதிகளைத் திரையிட்டேன். முடிந்ததும் தெலங்கானாவைச் சேர்ந்த மாணவி ஒருவர், “1943இல் எங்கள் ஊரில் இந்தக் கதை நடந்திருந்தால் ராஜன் எந்த நாட்டுக்குத் துரோகி, சார்?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1943இன் ஹைதராபாத் பிரிட்டிஷ் இந்தியா அன்று, நிஜாமின் நாடு. பிரிட்டிஷ் விமானப் படையின் 152ஆம் அணி ‘ஹைதராபாத்’ என்ற பெயரைத் தாங்கியிருந்தது. நிஜாமின் கொடையால் வந்த பெயர் அது. அவ்வணி பிரிட்டன் வான்போரில் பங்கேற்றபின் பர்மாப் போர்முனைக்கு வந்தது. அதே 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிக் கப்பலில் போஸின் உடன் இருந்த ஒரே இந்தியர் ஆபித் ஹசன், அவர் ஹைதராபாத்துக்காரர். நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி இருவரும் கிழக்கே வந்தனர். ‘ஜெய் ஹிந்த்’ என்ற முழக்கத்தை உருவாக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். பர்மா எல்லையில் ஒரு பக்கம் ஹைதராபாத் பெயர் எழுதிய விமானங்கள், மறுபக்கம் ஹைதராபாத்துக்காரர் ஒருவர். மாணவியின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், ராஜனிடம் முதலில் அவன் எந்த மன்னனின் குடி, எந்தக் கொடியின் கீழ்ப் பிறந்தவன் என்று கேட்டாக வேண்டும்.

ஐந்தாண்டுகள் கழித்து இந்நகரம் தன் சொந்தப் போரையும் பார்த்தது. 1948 ஆகஸ்டில், இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று எழுதிய ‘இம்ரோஸ்’ ஆசிரியர் ஷோயபுல்லா கான் இரவில் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவர்கள் கண்ணில் அவர் துரோகி. கராச்சியிலிருந்து இரவோடிரவாக ஆயுதம் ஏற்றி வந்தன சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானியின் விமானங்கள். செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை நுழைந்தது. 17 அன்று முதலமைச்சர் லாயக் அலி தக்காண வானொலியில் தம் அரசின் பதவி விலகலை அறிவித்தார். 1950 மார்ச்சில் அவர் வீட்டுக் காவலிலிருந்து மாயமாகிப் பாகிஸ்தானில் வெளிப்பட்டார். வானொலி, இரவு விமானம், கொலையுண்ட பத்திரிகையாளர், மறைந்துபோன முதலமைச்சர் என்று ஒரு கறுப்பு-வெள்ளைக் குற்றப் படத்துக்கு வேண்டியவை அனைத்தும் இங்கே இருந்தன. பாலசந்தர் ஒரே ஒரு விமானத்தையும் சில குண்டுகளையும் கொண்டு செய்ததை, இவ்வளவும் இருந்தும் 1950களில் இங்கே எவரும் செய்யவில்லை. கௌதம் கோஷின் ‘மா பூமி’ வருவதற்கே 1979 ஆயிற்று. அதுவும் உழவர் எழுச்சியின் காவியமே தவிரத் துப்பறியும் கதை அன்று.

ஏன் என்பதை ஊகிக்கலாம். படை நடவடிக்கையைத் தொடர்ந்து மாவட்டங்களில் நிகழ்ந்த கொலைகளை விசாரிக்க நேரு அனுப்பிய சுந்தர்லால் குழுவின் அறிக்கை அரசால் வெளியிடப்படவில்லை. 2013 வாக்கில்தான் அது தில்லியில் ஆய்வாளர்கள் பார்வைக்குக் கிடைத்தது. விசாரணை அறிக்கையே பூட்டியிருக்கும்போது திரையில் எந்த சிவானந்தம் வந்து ஐந்து சாட்சிகளை நிறுத்தி ஒரே உண்மையைக் கறக்க முடியும்? செப்டம்பர் 17ஐ என்ன பெயரிட்டு அழைப்பது, விடுதலை நாளா, இணைப்பு நாளா, ஒருமைப்பாட்டு நாளா என்று ஆண்டுதோறும் இங்கே தகராறு நடக்கிறது. ‘அந்த நாள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக ஹைதராபாத்துக்கு வாய்க்கவில்லை. சென்னையின் ‘அந்த நாள்’ அவ்வளவு எளிதாகத் திரைக்கு வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: அங்கே தீர்க்க வேண்டிய கணக்கு மிகச் சிறிது.

இவ்வளவும் சொன்னபின் படத்தின் தரத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் கொள்ள வேண்டாம். வெளியானபோது பாட்டை எதிர்பார்த்து வந்தோர் ஏமாந்தனர், வசூல் சரியில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தபின் மீண்டும் திரையிட்டார்கள். பாலசந்தர் பின்னர் ‘அவனா இவன்’, ‘பொம்மை’, ‘நடு இரவில்’ என்று தொடர்ந்து மர்மப் படங்கள் எடுத்தார். அவற்றுள் எதிலும் வரலாறு இந்த அளவு நெருங்கி வரவில்லை. மேலும், படம் மூட நினைத்ததைச் சிவாஜியின் நடிப்பு முழுதும் மூடவிடவில்லை என்பது என் கருத்து. தன்னை மதிக்காத நாட்டைப் பற்றி ராஜன் பேசும் இடத்தில், அவன் வெறும் கயவனாக நிற்பதில்லை. அறிவுக்கு ஏற்ற வேலை கிடைக்காத, ஆய்வுக்குப் பொருள் கிடைக்காத ஒரு காலனி நாட்டு இளைஞனின் குரல் சில நிமிடங்கள் தெளிவாகக் கேட்கிறது. ஆய்வு உதவித்தொகை நின்றுபோன மாதங்களில் அப்பகுதியைப் பார்த்தவர்கள் நான் சொல்வதை இன்னும் நன்றாக உணர்வார்கள்.

சென்னைச் சிறையில் எதிரியின் ஒற்றர்களாகத் தூக்கிலிடப்பட்டவர்களுள் அப்துல் காதர், பர்தன், பௌஜா சிங் ஆகியோருக்கு இந்திய அஞ்சல் துறை 1998இல் தபால் தலை வெளியிட்டது. ஆபித் ஹசன் விடுதலைக்குப் பின் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து தூதராகப் பணியாற்றினார். ஓய்வுபெற்றபின் ஹைதராபாத்துக்கே திரும்பினார்.